கோயில் மடுவிலிருந்து எடுத்த மீன்கள்

ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் மீனுக்கு என்ன ஆகும் என்பதை ஆராய்வதே என் தொழிலாக இருந்தது. மழை தொடங்கும்போது சில மீன்கள் முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிப் போகும். வழியில் சுவர் வந்தால் அதன் அடியில் நின்றுவிடும். சுவரின் ஓரமாகப் படிப்படியாகச் சிறு தொட்டிகள் கட்டி அவற்றுக்கு ஒரு வழி விடலாம். அதை மீன் ஏணி என்போம். ஏணி கட்டினால் மட்டும் போதாது, மீன் அதன் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில் எனக்கு ஓரளவு நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயருக்காக ஒரு மனிதனை நான் கைவிட்டேன். வயதாகிவிட்டது, இனியும் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளியைத் தாண்டிப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்குக் கீழே ஓர் ஓயா, சிற்றாறு, ஓடுகிறது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் அது ஒரு பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று உண்டு. திருவிழாவில் கரகம் பாலிப்பது, அதாவது கரகக் குடத்தை அலங்கரித்துப் பூசை செய்து எடுப்பது, அங்கேதான். அந்த மடுவில் பெரிய செதிலும் மங்கிய பொன்னிறமும் கொண்ட கெண்டை இன மீன்கள் இருந்தன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பொரி போடுவார்கள். மனிதரின் நிழல் தண்ணீரில் விழுந்தாலே மீன்கள் கரைக்கு வந்து வாயைத் திறக்கும். சிறுவயதில் நானும் பொரி போட்டிருக்கிறேன். ஒரு மீன் என் விரலைச் சப்பிப் பார்த்துவிட்டுப் போனது இன்றும் நினைவில் இருக்கிறது.

நான் படித்து, வெளியூர் போய், ஆராய்ச்சியாளனாகித் திரும்பி வந்த காலத்தில், மடுவுக்குக் கீழே, நடந்து போகும் தூரத்தில், ஒரு கம்பெனி சிறிய மின் நிலையத்துக்காக ஓயாவை மறித்துக் கட்டியிருந்தது. தோட்டத்துச் சனம் அதைக் ‘கட்டு’ என்றே சொல்லும். கட்டின் ஓரத்தில் மீன் ஏணி ஒன்றும் இருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சொந்த ஊர் என்பதால் நானே கேட்டு வாங்கினேன்.

கட்டில் மதகு திறந்து மூடும் காவல் வேலையில் எங்கள் தோட்டத்து இளைஞன் ஒருவன் இருந்தான். நான் பிறந்த லயத்திலேயே அவன் குடும்பமும் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் என்னை சார் என்று அழைக்கத் தொடங்கிவிட்ட பிறகும் அவன் மட்டும் அண்ணே என்பான். நான் போகும்போதெல்லாம் தன் பிளாஸ்க்கில் உள்ள பிளேன்டீயில் பாதியை அதன் மூடியில் ஊற்றித் தருவான். அவனுடைய மனைவி கொழுந்து பறித்தாள். அவள் ஒரு நீண்ட நோயிலிருந்து எழுந்திருந்தாள். அதற்கு நேர்ந்துகொண்டு அந்த வருடத் திருவிழாவில் அவன் கரகம் தூக்குவதாக இருந்தது. அதைச் சொல்லும்போது அவன் முகம் மாறும். “கையி நடுங்காம இருக்கணும்ணே, அதான் பயம்” என்பான்.

ஏணியைச் சோதிக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டுக்கு மேலே வீடு உள்ள மீன்களைப் பிடித்துக் கட்டுக்குக் கீழே விட வேண்டும். அவை தம் வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும். ஏணியில் ஏறினால் ஏணி நன்று. ஏறாவிட்டால் ஏணியில் குறை. யோசனை சரியானதுதான். ஆனால் அதற்குப் பெரிய மீன்கள் வேண்டும். ஓயாவில் வேறெங்கும் வலை வீசினாலும் விரல் நீளக் குஞ்சுகள்தான் வந்தன. பெரிய மீன்கள் இருந்த ஒரே இடம் கோயில் மடு.

கோயில் கமிட்டியிடம் கேட்டிருக்கலாம். மறுத்திருப்பார்கள். அதனால் நான் கேட்கவில்லை. எல்லோரும் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்குக்கு, போய், லயங்கள் ஓய்ந்துகிடந்த ஒரு காலையில் வாகனத்தைக் கோயிலுக்குப் பின்னால் நிறுத்தினேன். ஓட்டுநர் தெற்கே காலி நகரத்தைச் சேர்ந்தவர். மடுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. பதுளைக் கடையில் வாங்கிய பொரியைத் தூவினேன். மீன்கள் வந்தன. கைவலையை அடியில் விட்டு, ஒன்று மிஞ்சாமல் தூக்கினேன். அவை ஓடவில்லை, துள்ளவும் இல்லை. எத்தனையோ பேர் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பழக்கி வைத்த நம்பிக்கையை நான் என் வலையாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு மீனின் முதுகுத் துடுப்புக்கு அடியிலும் ஊசியால் மெல்லிய மஞ்சள் இழை ஒன்றைச் செருகினேன். எந்த மீன் எது என்று அறிய அதில் எண் இருக்கும். பிறகு தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் ஏற்றிக் கொண்டுபோய்க் கட்டுக்குக் கீழே விட்டேன். காவல்காரத் தம்பிக்கு அன்று வேலை முறை பிற்பகலில். வேண்டுமென்றே காலை நேரத்தைத் தேர்ந்தேன். அவனுக்குத் தெரிந்தால் லயத்துக்குத் தெரிந்துவிடும்.

கட்டுக்குக் கீழே மீன் பிடிப்பதை யாரும் தடுத்ததில்லை. அது கோயில் தண்ணீர் இல்லை. அங்கே தூண்டில் போட வேண்டாம் என்று அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பான். அதனால் சொல்லவில்லை.

அடுத்த வாரங்களில் நாள் தவறாமல் போய்ப் பார்த்தேன். மீன்கள் ஏணிப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் அதிகச் சத்தத்தோடு விழும் இடத்தைத் தேடித்தான் அவை போகும். இங்கே பெருந்தண்ணீர் எதிர்ப்பக்கம் விழுந்தது. ஏணியின் வாயில் வெறும் கசிவு. மீன்கள் எதிர்ப்பக்கச் சுவரின் அடியில் கூடி, மூக்கு தோலுரியும்வரை முட்டிக்கொண்டு நின்றன. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏணியின் குறை இன்னதென்று தெரிந்துவிட்டது அல்லவா. மீன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்ததைக் கவனித்தேன். நீர்நாய் தின்றிருக்கும், அல்லது கீழ்நோக்கிப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கொழுந்து மிகுந்த காலம், வெள்ளிக்கிழமைகளிலும் வேலை நீண்டதால் பொரி போட யாரும் மடுவுக்கு இறங்கவில்லை. ஆய்வு முடிந்ததும் மிஞ்சியவற்றைத் திருப்பி மடுவில் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது என் கணக்கு.

திருவிழா அதற்கு முன்பே வந்துவிட்டது. கரகம் பாலிக்க மடுவுக்கு இறங்கினார்கள். பெண்கள் பொரி தூவினார்கள். பொரி தண்ணீரில் மிதந்து, சுற்றி, பாறை இடுக்கில் ஒதுங்கி, ஊறி வெளுத்தது. ஒரு மீனும் வரவில்லை. தப்பு மேளம் நின்றது. சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. விருந்தாளியாக அழைக்கப்பட்டு, வெள்ளைச் சட்டையோடு நானும் கரையில் நின்றிருந்தேன்.

பேச்சு காவல்காரத் தம்பியின் பக்கம் திரும்பியது. அவன் வீட்டில் சில நாட்களுக்கு முன் மீன் குழம்பு கொதித்ததாக ஒருத்தி சொன்னாள். லயத்துச் சாக்கடைக் கானில் பெரிய செதில்கள் கிடந்ததாக இன்னொருவன் சொன்னான். நாள் முழுக்க ஓயாவிலேயே இருப்பவன் அவன்தானே என்றது மூன்றாவது குரல். கோயிலுக்குத் திரும்பினோம். அன்றைய கமிட்டித் தலைவர் கோபக்காரர் அல்ல. ஆனால் வழக்கத்தை விடாதவர். அம்மன் சன்னிதிக்கு முன்னால் வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். மடு மீனை எடுக்கவில்லை என்று சொல்லிச் சூடத்தைக் கையால் அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அவன் கையை நீட்டினான். நெருப்புக்கு மேலே கை நின்றது. பிறகு இழுத்துக்கொண்டான்.

“மடுவுல நான் எறங்கலைங்க” என்றான்.

“அப்ப அணைச்சுட்டுப் போயேன்டா” என்றார் தலைவர்.

“முடியாதுங்க.”

“ஏன்?”

யாரோ பின்னாலிருந்து, தின்ன வாய்க்குச் சத்தியம் வருமா என்று கேட்டார்கள். அவன் மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டுக்குக் கீழே அவன் ஒரு மீனைப் பிடித்திருக்கிறான். அதை அங்கே கொண்டுபோய் விட்டது நான். வாயைத் திறந்தால் போதும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓயாவுக்கு இனி என்னை விடமாட்டார்கள், ஆய்வு பாதியில் நிற்கும், கம்பெனிக்கும் மேலிடத்துக்கும் செய்தி போகும் என்றெல்லாம் மனம் ஓடியது. திருவிழா முடியட்டும், தலைவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

கரகத்தை வேறொருவன் தூக்கினான். காவல்காரன் வீட்டார் இனிக் கரகம் தொடக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. அதில் அவனுடன் பிறந்த தம்பியும் அடங்கினான். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் அவன் மனைவி குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் அவர்கள் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய்விட்டார்கள். தலைவரை நான் தனியாகப் பார்க்கவில்லை. பழி சுமந்தவனே ஊரைவிட்டுப் போன பிறகு சொல்லி என்ன பயன் என்று அப்போது நினைத்தேன். சுவரடியில் எஞ்சிய இரண்டு மூன்று மீன்களும் அந்தக் கோடையில் காணாமல் போயின.

என் ஆய்வு பாராட்டப்பட்டது. ஏணியின் வாயை மாற்றிக் கட்டினார்கள். வேறு மீன்கள் அதில் ஏறின. அதை என் கண்ணால் பார்த்தேன். நல்லது நடந்திருக்கிறது என்று பல வருடங்கள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஓயாவுக்கு நல்லது நடந்தது உண்மை. அந்த மனிதனுக்கு நடந்ததும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழுவவில்லை.

ஓய்வுபெற்றுப் பண்டாரவளையில் மகனோடு இருந்தபோது, கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் வைத்திருப்பதாகத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைவர் இப்போது வேறொருவர். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாப்பாடு முடிந்து கமிட்டி ஆட்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது, பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு நான் நடந்ததைச் சொன்னேன். மடு மீனை எடுத்தது நான் என்று தெளிவாகவே சொன்னேன்.

புதிய தலைவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: “இந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்க. ஊர விட்டுப் போனவன் பேரக் காப்பாத்தணும்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு.”

நான் மறுத்தேன். என்னோடு சின்ன வயதில் ஓயாவில் குளித்த ஒரு கிழவர் சிரித்தார். “சார் மீன் புடிச்சாராம்ல. நண்டு கடிச்சதுக்கு நாலு லயத்துக்குக் கேக்கக் கத்துன ஆளு இவரு.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தூணைப் பிடித்து நின்றதைவிட அது எனக்குப் பெரிய வெட்கம்.

மறுவாரம், தோட்டத்திலேயே தங்கிவிட்ட காவல்காரனின் தம்பியிடம் போய் விலாசம் கேட்டேன். அவன் வாசலிலேயே நின்று ஊர்ப் பெயரையும் இறங்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். மொனராகலை பஸ்ஸில் மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. கரும்புக் காட்டோரத்தில் தகரக் கூரை வீடு. அவன் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், “அண்ணே, வாங்கண்ணே” என்று எழுந்து நாற்காலியைத் துண்டால் துடைத்தான். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்; வாங்க என்று சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். மடுவில் எடுத்தது, பீப்பாயில் ஏற்றியது, கீழே விட்டது, தூணோரம் நின்றது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தான்.

பிறகு தன் பக்கத்தைச் சொன்னான். ஒரு நாள் பகல் சாப்பிட்டுவிட்டுக் கட்டுக்குக் கீழே ஏனம் கழுவினானாம். ஒரு பெரிய மீன் காலடியில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றதாம். இடுப்புச் சாரத்தை விரித்து அள்ளிவிட்டான். கட்டு மீன்தானே என்று வீட்டுக்குக் கொண்டுபோய் அவனே அறுத்தான். துடுப்பின் அடியில் மஞ்சள் நூல் ஒன்று, பாசி பிடித்து, சதையோடு சதையாக இருந்தது. அதை அறுத்து எறிந்துவிட்டுக் குழம்பு வைத்துத் தின்றார்கள். மடுவில் மீன் இல்லை என்ற பேச்சு வந்த பிறகுதான் அந்த நூல் அவனுக்கு உறைத்ததாம். யாரோ அம்மனுக்கு நேர்ந்து மீனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள், அதைத் தான் அறுத்துத் தின்றுவிட்டதாக முடிவு செய்துவிட்டான். சூடத்தில் கை வைக்க முடியாமல் போனது அதனால்தான்.

“அது யாரு நேர்ந்து கட்டுனதுண்ணே?” என்று கேட்டான். “அவங்கள ஒருக்காப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்னு இத்தன வருசமா இருக்கேன்.”

யாரும் நேரவில்லை என்றேன். அது நேர்த்தி நூல் இல்லை, என் அடையாளம், நான்தான் செருகினேன் என்றேன். அவன் என்னையே பார்த்தான். நான் சொன்னது அவனுக்குள் இறங்க நேரம் எடுத்தது.

அவன் மனைவிக்கு உடனே இறங்கிவிட்டது. “ஆனா அது சாமி மீனுதானே சார்?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அப்ப குத்தம் ஒங்களோடது. தின்னது நாங்க. அது மாறாதுல்ல.” அவள் குரலை உயர்த்தவில்லை. “அன்னையிலருந்து இவரு கோயிலுக்குள்ள கால் வைக்கல. மீனும் வாயில வைக்கல. போன வருசம் எங்க மக கல்யாணம் கோயில்லதான் நடந்திச்சு. இவரு ரோட்டுல நின்னாரு. இவரு தம்பி வந்து தார வாத்துக் குடுத்தாரு.”

“விடு, பெரியவரு வந்திருக்காரு” என்றான் அவன். அவள் விடவில்லை. தோட்டத்தில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன், நம்பவில்லை, உங்களைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள் என்றேன். அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

“மறுபடி சொல்லுங்க” என்றாள். “நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அவன் வர மறுத்துவிட்டான். அவள் சொன்னபடியே ஒரு வெள்ளிக்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் இறங்கினாள். இருவரும் தோட்டத்துக்குப் போனோம். கமிட்டி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவளைக் கண்டதும் தலைவருக்குப் பேச்சு தடுமாறியது. நான் திரும்பவும் சொன்னேன். அவர் மெல்ல, சாரோட மனசு என்று தொடங்கினார்.

“மனசு கினசு ஒண்ணுமில்லீங்க” என்று அவள் இடைமறித்தாள். “இவரு பொரியப் போட்டு மடு மீன அள்ளுனாரு. கொண்டு போயி கட்டுக்குக் கீழ விட்டாரு. எங்க வீட்டுக்காரரு சூடத்துக்கு முன்னாடி நின்னப்ப, இதே கோயில்ல வாய மூடிக்கிட்டு நின்னாரு. இல்லையான்னு அவரையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். அவர் குரலில் சார் என்ற சொல் இல்லை. என் வேலை கெட்டுவிடும் என்றுதான் சொல்லவில்லை என்றேன். வேறு காரணம் தேடினேன், இருக்கவில்லை. என்னைக் கேலி செய்து சிரித்த கிழவர் அன்று குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். அவன் வீட்டார் கரகம் தொடக் கூடாது என்ற தடையை நீக்கினார்கள். அடுத்த திருவிழாவில் தம்பி தூக்கட்டும், அண்ணன் வந்தால் அண்ணனே தூக்கட்டும் என்றார்கள். பூசாரி திருநீறும் குங்குமமும் மடித்து அவளிடம் கொடுத்து, அவனை உள்ளே வந்து கும்பிடச் சொல்லு தாயி என்றார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தண்டனையும் இல்லை, வார்த்தையும் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

பதுளையில் மொனராகலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொட்டலத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று, உங்கள் வீட்டுக்காரரை ஒருமுறை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“வேணாங்க” என்றாள். “வந்தா அவரு ஒங்கள மன்னிச்சிருவாரு.”

கண்டக்டர் மணியடித்தான். நான் விலகி நின்றேன். அதற்குப் பிறகு மொனராகலைக்கு நான் போகவில்லை.